வண்டியில் ஏற மறுத்த குட்டி: மண்டபம் கரையோரத்து நிகழ்வு ஆய்வு

நாயின் பெயர் குட்டி. வைத்தபோது பொருத்தமான பெயராகத்தான் இருந்ததாம். பயிற்சி கொடுக்க நான் போய்ப் பார்த்தபோது வயது ஆறு, எடை 41 கிலோ. நீண்ட கால்களும் பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் ராஜபாளையம் வழி; அகன்ற மார்பும் தடித்த வாலும் லாப்ரடார் வழியாக இருக்க வேண்டும். வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், பாக் நீரிணைப் பக்கம், மணல் பரந்த ஒரு தோப்புக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டி. அவர் சொன்ன புகார் ஒரே வரி: "வண்டியில ஏற மாட்டேங்குது தம்பி. நாலு பேர் சேர்ந்தாலும் நடக்கல."

ஏறாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டுமே என்று கேட்கலாம். அப்படி விட முடியாததற்கு இந்த வீட்டில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, மருத்துவம். தடுப்பூசியை வீட்டுக்கு வந்து போட்டுவிடலாம், எக்ஸ்ரே இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் வரும் காற்று. பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது என்று தெரிந்தால், இந்தக் குடும்பம் பரமக்குடியில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடும். அதில் பேச்சுக்கே இடமில்லை. வீட்டின் அப்பத்தா 1964 டிசம்பர் புயலைச் சிறுமியாக இருந்து பார்த்தவர். தனுஷ்கோடி போன அந்த இரவைப் பற்றி அவரிடம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே அப்பத்தா, குட்டியை விட்டுவிட்டுக் கிளம்பவும் மாட்டார். போன பருவத்தில் அவரைச் சமாதானப்படுத்த, சம்மாட்டி நாயோடு வீட்டிலேயே தங்கிவிட்டார். புயல் இரவில் கரையோரத்தில் ஒரு ஆள் தங்கிவிட்டதற்குக் காரணம், ஒரு நாய்க்கு வண்டி ஏறத் தெரியவில்லை என்பது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

வண்டி ஜீப் வகை. பின்கதவு அகலமாகத் திறக்கும். பின்சீட்டை மடக்கினால் குட்டி காலை நீட்டிப் படுக்க இடம் தாராளம். சிக்கல் அதன் உயரம். டேப் வைத்து அளந்தோம்: மணலிலிருந்து பின்தளம் வரை 72 சென்டிமீட்டர். குட்டியின் தோள் உயரமும் கிட்டத்தட்ட அதேதான்.

நான் போவதற்கு முன்பு அவர்கள் செய்து பார்த்தவை வழக்கமானவை. முதலில் சங்கிலியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். நாய் பின்வாங்கி உட்கார்ந்துவிட்டது. பின்னால் நின்று தள்ளினால், அது நான்கு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொண்டது. படகில் வேலை செய்யும் ஆட்கள் சேர்ந்து தூக்கினார்கள். ஒருமுறை உள்ளே போட்டுவிட்டார்கள், அடுத்த முறை ஒருவர் கையைக் கவ்விவிட்டது. கடைசியாக ஆட்டெலும்பைக் காட்டி வண்டிக்குள் வரவழைத்து, உள்ளே போனதும் படாரென்று கதவைச் சாத்தினார்கள். வழியெல்லாம் வாந்தி. அதற்குப் பிறகு வண்டிக்குப் பக்கத்தில் எலும்பைக் காட்டினாலே குட்டி கிணற்றடிக்குப் போய்விடும். சாப்பாட்டைக் காட்டி ஏமாற்றினால் நாய்க்கு வண்டி மீதிருந்த பயம் சாப்பாட்டுக்கும் பரவும். நல்ல தீனியைக் கெடுத்துக்கொள்ள இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

எந்த இடத்தில் நிற்கிறது?

பெரிய நாய் வண்டி ஏற மறுக்கிறது என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த இடத்தில் நிற்கிறது? அடம், முரண்டு, திமிர் என்ற சொற்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, கால் எங்கே நின்றது, அப்போது வாயும் காதும் வாலும் என்ன செய்தன என்று மட்டும் பார்க்க வேண்டும். வண்டியே பயம் என்றால் நாய் தூரத்திலேயே, சாவிச் சத்தத்திலேயே நின்றுவிடும். குமட்டல்தான் பிரச்சினை என்றால் ஏறும்வரை பெரும்பாலும் தகராறு இருக்காது; உள்ளே போனதும் எச்சில் வடியும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், அடிக்கடி விழுங்கும். உடம்பில் வலி என்றால் வண்டிவரை சந்தோஷமாக வந்து, முன்னங்காலைக்கூட மேலே வைத்துவிட்டு, பின்னங்காலைத் தூக்க வேண்டிய அந்தக் கணத்தில் நிற்கும். பல நாய்களுக்கு இவற்றில் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்பதுதான் சிரமம்.

குட்டிக்கு எதையும் செய்யச் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, எல்லோரையும் தள்ளி உட்காரச் சொன்னேன். சம்மாட்டிக்கு இது பிடிக்கவில்லை. காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் குட்டி தானாக வந்தது. டயரை மோந்தது, வாலை ஆட்டியது. அப்பத்தா வண்டியின் ஓரத்தில் போய் உட்கார்ந்ததும் அவர் மடியை எட்ட முன்னங்கால் இரண்டையும் தளத்தின் மேல் வைத்தது. அவ்வளவுதான். பின்பக்கத்தை ஒருமுறை தாழ்த்தி, தாவுவதற்கு எடைபோட்டுப் பார்த்தது போலிருந்தது. உதட்டை நக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. பிறகு என்ஜினைப் போடச் சொன்னேன். இப்போது கிணற்றடிவரை போய்விட்டது.

சத்தத்துக்குப் பயப்படும் நாயா என்று அடுத்த சந்தேகம். அதற்குப் பதில் வானத்திலிருந்து வந்தது. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானதளம் இருக்கிறது. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போவது இந்தப் பக்கம் அன்றாடம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒன்று தாழப் பறந்து போனது. குட்டி காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பால்வெள்ளை ராஜபாளையங்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. இதற்குக் காது நன்றாகக் கேட்கிறது, சத்தமும் பிரச்சினையில்லை. வண்டிச் சத்தம் மட்டும்தான், அதாவது அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வரும் பயணம்தான் பிரச்சினை.

இன்னொரு தடயத்தை அப்பத்தா கொடுத்தார். "முன்னெல்லாம் திண்ணையிலதான் படுக்கும், தம்பி. இப்ப வெயில்ல மண்ணுல கெடக்குது, வயசாகிப்போச்சு" என்றார். ஆறு வயதில் என்ன வயதாகிப்போச்சு? திண்ணை 48 சென்டிமீட்டர் உயரம். வளர்ந்த ராஜபாளையக் கலப்புக்கு அது ஒரு உயரமே இல்லை. ஆனால் பல மாதங்களாகக் குட்டி அதில் ஏறவில்லை. குளிர்ந்த சிமெண்டுத் தரையை விட்டுவிட்டுச் சுடுமணலில் ஒரு நாய் படுக்கிறது என்றால், அந்த 48 சென்டிமீட்டருக்கு அது கொடுக்க வேண்டிய விலை அதிகம் என்று பொருள். வீட்டுப் பெண் ஒருத்தி, பிளஸ் டூ முடித்தவள், தன் போனில் பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினாள். கடற்கரையில் குட்டி ஓடுகிறது. பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துத் தாவித் தாவி. பார்க்க அழகாக இருந்ததால் எடுத்திருக்கிறாள். இடுப்பு மூட்டில் கோளாறு உள்ள நாய்கள் அப்படித்தான் ஓடும்.

மருத்துவர் முதலில்

பயிற்சி தொடங்கும் முன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நாய்தான் போகாதே, அவர் வந்தார். இடது தொடை வலது தொடையைவிட மெலிந்திருப்பதைக் கையால் தொட்டுக் காட்டினார். பின்னங்காலைப் பின்பக்கமாக நீட்டியபோது குட்டி விறைத்து, தலையைச் சட்டென்று திருப்பியது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை, அதாவது எடை கூடுதல். இடுப்பு மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தால்தான் உறுதி, அதற்கு ராமநாதபுரம் கொண்டுவாருங்கள், சரியான கோணத்தில் படுக்கவைக்க மயக்கமருந்து தேவைப்படும் என்றார். வலிக்கும் வீக்கத்துக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாத்திரை தீர்ந்ததும், வீட்டில் மனிதர்களுக்கு வைத்திருந்த வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கலாமா என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். கூடாது. ஐபுப்ரோபென், டைக்ளோபினாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் சேதத்தையும் உண்டாக்கக்கூடியவை. நமக்குச் சாதாரணமாக இருக்கும் அளவே அதற்கு ஆபத்தாகலாம். அதே மருத்துவரிடம் போனில் கேட்பதுதான் வழி, அவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

வலி இருக்கிறது என்று தெரிந்ததும் தாவ வைக்கும் யோசனையை முழுசாகக் கைவிட்டோம். நாய் நிற்கும்போது எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கும். முன்னங்காலை உயரத்தில் வைத்த கணத்தில் அந்தப் பாரம் பின்பக்கம் சாய்கிறது. தாவுவதற்கான முழு உந்தலும் இடுப்பிலிருந்து வர வேண்டும். குட்டி நின்ற இடம் மிகச் சரியாக அது. சம்மாட்டியிடம் இதை விளக்கியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நாங்க தள்ளினது எல்லாம் அந்த இடுப்புலதானே தம்பி?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன்.

பலகை

நேரம் எங்களுக்குச் சாதகமாக இருந்தது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு கரையில், சம்மாட்டியும் வீட்டில். வருஷத்தில் வேறு எந்த மாதத்திலும் இந்த மனிதரை நாள்தோறும் இருவேளை நாயோடு நிற்க வைத்திருக்க முடியாது. பாதகம், அது சித்திரை வெயில். பொழுது விடிந்ததும் கொஞ்சம், பொழுது சாய்ந்தபின் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான். நாய் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே முடித்துவிடுவது.

படகு பராமரிப்பு நடக்கும் மாதம் என்பதால் ஆசாரியும் கடல் நீருக்குத் தாங்கும் பிளைவுட்டும் பக்கத்திலேயே கிடைத்தன. குட்டி தாவாமல் நடந்தே ஏற ஒரு சாய்பலகை செய்தோம்: 8 அடி நீளம், ஒன்றரை அடிக்குச் சற்று மேல் அகலம். அடியில் நீளவாக்கில் இரண்டு சட்டம். சட்டம் இல்லாவிட்டால் 41 கிலோ நடக்கும்போது பலகை நடுவில் வளைந்து துள்ளும். ஒரே ஒரு துள்ளல் போதும், நாய் அதற்குப் பிறகு காலை வைக்காது. மேலே வழுக்காமல் இருக்கப் பழைய வலையை இழுத்து ஆணி அடிக்கலாம் என்று ஆசாரி சொன்னார். மீன்பிடி ஊரில் யாருக்கும் தோன்றும் யோசனைதான், ஆனால் வலைக்கண்ணில் நகம் மாட்டும். கறுப்பு ரப்பர் விரிப்பு வெயிலில் கொதிக்கும். கடைசியில் சணல் சாக்கை இறுக்கி ஒட்டி, இரு ஓரத்திலும் விரல் உயரத்துக்கு ரீப்பர் கட்டை அடித்தோம். ஓரம் எங்கே முடிகிறது என்று பாதத்துக்குத் தெரிவது முக்கியம்.

எட்டு அடி எதற்கு, கடையில் ஐந்தடிச் சாய்தளமே விற்கிறதே என்று பெண் கேட்டாள். 72 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஐந்தடிப் பலகை வைத்தால் சரிவு 28 டிகிரி வருகிறது. ஆறடி என்றால் 23. எட்டடியில் 17. சிறிய நாய்க்கும் இளம் நாய்க்கும் 23 சமாளிக்கக்கூடியதுதான். பின்னிடுப்பு வலிக்கும் பெரிய நாயைச் செங்குத்தாக ஏறச் சொன்னால், தாவச் சொன்னதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நீளம் கூடக்கூடத் தூக்கிச் செல்வது கஷ்டம் என்பது உண்மை. அதற்கு ஆசாரி பிறகு ஒரு வழி செய்தார், சொல்கிறேன்.

திண்ணை

இந்த நிகழ்வில் வேலை செய்தது எது என்று கேட்டால், நான் பலகையைக்கூடச் சொல்ல மாட்டேன். பலகையை முதலில் எங்கே வைத்தோம் என்பதைச் சொல்வேன். பலரும் சாய்தளம் வாங்கியதும் நேராக வண்டியில் சாய்த்துவிடுகிறார்கள். நாய்க்கு ஏற்கெனவே பிடிக்காத வண்டி. அதோடு சேர்ந்து இப்போது பழக்கமில்லாத, ஆடும் ஒரு பொருள். இரண்டும் ஒன்றாகி, பலகையைப் பார்த்தாலே ஓடும்.

நாங்கள் வண்டியைத் தோப்பின் மறுகோடியில் நிறுத்திவிட்டோம். பலகையைச் சமமான மணலில் கிடத்தினோம். அதன்மேல் கால் வைத்தால் வேகவைத்து முள் நீக்கிய சூடை மீன் துண்டு ஒன்று. விசைப்படகு ஓடாவிட்டாலும் நாட்டுப்படகில் மீன் வந்துகொண்டுதான் இருந்தது. கருவாடு கொடுத்தால் இன்னும் துள்ளிக்கொண்டு வருமே என்றார் அக்கா. வரும், ஆனால் அத்தனை உப்பு நாய்க்கு ஆகாது. பயிற்சிக்குக் கொடுக்கும் மீனைச் சாப்பாட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொன்னேன், எடை குறைய வேண்டிய நாய் அல்லவா.

மீனைப் பலகை மேல் வைத்து இழுக்கவில்லை. குட்டி தானாகக் கால் வைத்ததும், "சரி" என்று சொல்லி, துண்டைப் பலகைக்கு வெளியே, நாலடி தள்ளி வீசுவது. அது போய்த் தின்னும். தின்றுவிட்டுத் திரும்பி வருவதா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்யும். திரும்பி வந்தால் அடுத்த துண்டு. ஏமாற்றி உள்ளே இழுக்கப்பட்ட நாய்க்கு இந்த ஒழுங்கு மிக முக்கியம்: மேலே ஏறினால் கீழே விடுவார்கள் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். சங்கிலி கிடையாது. கழுத்துப் பட்டையில் யாரும் கை வைக்கக் கூடாது.

தரையில் பழகியதும் ஒரு முனையில் செங்கல், பிறகு ஹாலோ பிளாக். மணல் என்பதால் கீழ்முனை ஒரு பக்கமாகப் புதைந்து பலகை சாய்ந்தது; அடியில் ஒரு கடப்பைக்கல்லைப் போட்டதும் நின்றது. இதற்கிடையில் எடைபார்க்க ஏலக்கூடத்து மேடைத் தராசுக்கு நடத்திப் போனபோது, முன்பெல்லாம் தராசில் நிற்கவே மாட்டாத நாய், தானாக ஏறி நின்று மீனுக்குக் காத்திருந்ததாம். காலடியில் லேசாக அசையும் தளம் அதற்குப் பயமாக இல்லை என்று எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது.

அப்புறம் பலகையைத் திண்ணையில் சாய்த்தோம். 11 டிகிரி சரிவு. குட்டி ஏறிப் போய், திண்ணையை முழுக்க மோந்துவிட்டு, தன் பழைய மூலையில் படுத்துவிட்டது. மீனை மறந்துவிட்டது. அன்றைக்கு வேறு எதுவும் செய்யவில்லை. பலகையை அப்படியே விட்டுவிட்டோம், ராத்திரியும் பகலும். மத்தியானத்தில் குளிர்ந்த தரைக்குப் போக, ராத்திரியில் அப்பத்தா கட்டில் பக்கம் போக, குட்டி தன் சொந்த வேலைக்காக அதில் ஏறி இறங்கியது. நாங்கள் கொடுக்கும் துண்டு மீனைவிடப் பெரிய கூலி அது. யாரும் சொல்லாமலே, யாரும் பார்க்காதபோதும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வண்டி அருகில் வரும் நேரத்தில் பலகை ஏற்கெனவே குட்டியினுடையது ஆகியிருந்தது.

வண்டி வந்த பிறகு

செருப்புகளையும் தண்ணீர்க் குடத்தையும் ஒதுக்கிவிட்டு, வண்டியைத் திண்ணைக்குப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தினார் சம்மாட்டி. முதலில் கதவு மூடியபடி, சில நாட்கள் அங்கேயே நின்றது. பிறகு கதவு திறந்தபடி. திண்ணைக்கும் வண்டித் தளத்துக்கும் இப்போது 24 சென்டிமீட்டர்தான் உயர வித்தியாசம். ஒரு சின்னப் பலகைத் துண்டு அதையும் சரிசெய்தது. உள்ளே வழவழப்பான விரிப்பை எடுத்துவிட்டு, அப்பத்தாவின் பழைய கம்பளியைப் போட்டோம். அப்பத்தாதான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். யாரும் கூப்பிடவில்லை. குட்டி போய் அவர் தொடையில் தலை வைத்துப் படுத்தது. நாங்கள் கதவைத் தொடக்கூட இல்லை.

இந்தக் கட்டத்தில் சம்மாட்டிக்குக் கை பரபரத்தது. "உள்ளதான் இருக்கே, சாத்திட்டுக் கிளம்பிரலாமே" என்றார். எங்கே? எதற்கு? எக்ஸ்ரேக்கு அவசரம் இல்லை, மருத்துவர் அவகாசம் கொடுத்திருந்தார். ஒரு தடவை அப்படிச் சாத்திய கதவுதான் இத்தனை வேலையையும் உண்டாக்கியது என்று சொல்லி நிறுத்தினேன். கதவைக் கால்வாசி அசைப்பது, மீன், பாதி, மீன், மூடி உடனே திறப்பது, மீன், பிறகு இறங்கவிடுவது. என்ஜினைப் போடுவது தனிப் பாடம்: வண்டி தூரத்தில் ஓட, குட்டி திண்ணையில் இருந்தபடி தின்னும். கேட்கும் தூரம் நாளாக ஆகக் குறைந்தது.

நடுவில் ஒரு சறுக்கல். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர், குட்டி வண்டி வாசலில் தயங்கி நின்ற ஒரு கணத்தில், உதவி செய்வதாக நினைத்துப் பின்னால் இருந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டார். குட்டி திரும்பி உறுமியது. வண்டியை விட்டு இறங்கி, அன்று முழுக்கத் திண்ணைக்கே வரவில்லை. பலகையை வெறும் மணலில் போட்டு மறுபடி தொடங்கினோம். ஏற்கெனவே தெரிந்த பாடம் என்பதால் சீக்கிரம் மீண்டது. தயக்கம் என்பது நாய் யோசிக்கும் நேரம். அந்த நேரத்தில் தொடுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

ஓட்டம் முதலில் தோப்புக்குள்ளேயே. பிறகு தார்ச்சாலைவரை. பிறகு அரியமான் கடற்கரைக்கு. சவுக்குத் தோப்பு நிழலில் இறங்கி, அலையில் காலை நனைத்து, திரும்புவது. வண்டி என்றால் ஊசி என்று ஆகிவிட்ட கணக்கை மாற்ற, ஊசி இல்லாத பயணங்கள் நிறைய வேண்டும். குமட்டலுக்கு மருத்துவர் மரோபிடண்ட் மாத்திரை எழுதியிருந்தார். பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டியது. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்து வயிறு நிறையத் தீனி கிடையாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தோப்பு மணல் பாதையில் மெல்ல, பிரேக்கை மெல்ல. எச்சில் வடிவது முதலில் குறைந்து, பிறகு நின்றது. ஆனால் இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்ல மாட்டேன்.

உள்ளே சும்மா விட்டுவிடவில்லை. மார்பைச் சுற்றிய பட்டையில் பெல்ட்டை மாட்டி, வண்டியின் கொக்கியில் கட்டினோம். கழுத்துப் பட்டையில் கட்டினால் திடீர் பிரேக்கில் கழுத்து போய்விடும். நிழலில் நிறுத்தினாலும் நாயை உள்ளே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகக் கூடாது. வெளியே 35 டிகிரி என்றால், மூடிய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டும். சணல் சாக்கோ வண்டித் தளமோ, நம் புறங்கையை ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் ஆகாது.

இறங்குவது

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். குட்டியிடம் அதிகக் கவனம் எடுத்தது இறங்குவதில். ஏறிப் பழகிய நாய், கதவு திறந்ததும் பலகையின் பாதியிலேயே பக்கவாட்டில் குதித்துவிடும். அந்த எடை முழுக்க முன்னங்கால் மூட்டுகளில் இறங்கும். நிலைகுலைந்தால் பின்னிடுப்பும் முறுக்கிக்கொள்ளும். அதனால் கதவு திறந்தால் உட்கார், "சரி" என்றபிறகு வா என்று பழக்கினோம். மார்புப் பட்டையின் முதுகுப் பிடியை ஒருவர் லேசாகப் பிடித்தபடி கூடவே நடப்பது. இழுப்பதற்கு இல்லை, வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு. பலகையின் கீழ்முனைக்கு அப்பால் மண்ணில்தான் மீன் விழும், பலகை மேல் விழாது. இதனால் கடைசிவரை நடந்து முடிப்பது அதற்கு லாபமாகிவிட்டது.

ராமநாதபுரத்தில் திண்ணை கிடைக்காதே. அங்கே பலகையை நேராக 72 சென்டிமீட்டருக்குச் சாய்க்க வேண்டும். எட்டடிப் பலகை வண்டிக்குள் நாயோடு சேர்ந்து அடங்காது என்பதால், ஆசாரி அதை நடுவில் அறுத்துக் கீல் போட்டு, விரித்தபின் அடியில் இரு பக்கமும் தாழ்ப்பாள் வைத்தார். தாழ்ப்பாள் இல்லாமல் கீல் மட்டும் போட்டால் நடுவில் மடங்கும். மடித்த பலகை முன்சீட்டுக்குப் பின்னால் நின்றது. திருத்தியது அதே பலகையாக இருந்தாலும், கீல் ஓசைக்கும் புதுச் சரிவுக்கும் வீட்டிலேயே மறுபடி பழக்கினோம்; ஆஸ்பத்திரி வாசலில் முதல் முறையாகப் பார்ப்பதற்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை.

எக்ஸ்ரே நாள் அமைதியாகப் போனது. குட்டி வீட்டில் ஏறியது, அங்கே இறங்கியது. இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம், இடதில் அதிகம். அறுவை இப்போது வேண்டாம். எடைக் குறைப்பு, மாத்திரை, மணலில் அளவான நடை, கடலில் நீச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள். மயக்கம் முழுசாகத் தெளியாத நாயைப் பலகையில் ஏற்றக் கூடாது, தள்ளாடி விழும். அதனால் திரும்பும்போது தூக்கித்தான் ஏற்றினோம்.

தூக்குவதை நான் தவறென்று சொல்வதில்லை. புயல் இரவில், பாம்பு கடித்த வேளையில், மயக்கத்தில் பழக்கம் எல்லாம் பார்க்க முடியாது. ஆனால் தூக்கும் முறை இருக்கிறது. முன்னங்கால்களைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்கக் கூடாது. ஒருவர் கையை மார்புக்கு முன்னால் சுற்றி, இன்னொருவர் பின்தொடைக்குப் பின்னால் சுற்றி, முதுகு வளையாமல் இருவரும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பின்பக்கத்துக்கு மட்டும் தாங்கல் போதும் என்றால், ஒரு கைலியை நீளவாக்கில் மடித்து, வயிற்றுக்கு அடியில், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் கொடுத்து இரு பக்கமும் பிடித்துக்கொள்ளலாம். நாய் முன்னங்காலால் நடக்கும், நாம் இடுப்பைச் சுமப்போம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால், வாய்க்கூடு போட்டுக்கொள்ளவும் முன்கூட்டியே பழக்க வேண்டும். அப்பத்தா வாய்க்கூட்டை முதலில் ஏற்கவே இல்லை. அதற்குள் சூடையை வைத்து, குட்டி தானே மூக்கை நுழைத்ததைப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார்.

தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போனபின் வேலையைப் பெண்ணும் அப்பத்தாவும் எடுத்துக்கொண்டார்கள். எடை 41-லிருந்து 37-க்கு வந்திருக்கிறது. சோற்றில் பாதியைக் குறைத்ததும், ஞாயிற்றுக்கிழமைக் கொழுப்பை நிறுத்தியதும்தான் காரணம். பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறிய அடுத்த சமயத்தில், மழை தொடங்கும் முன்பே குட்டியோடு எல்லோரும் பரமக்குடி போய்ச் சேர்ந்தார்கள். ஈரச்சாக்கில் நடக்கவும் பழக்கியிருந்தார்கள், அது அந்தப் பெண்ணின் யோசனை.

முடியாமல் இருப்பது ஒன்று. இந்த ஒரு வண்டியில்தான் குட்டி ஏறும். சித்தப்பாவின் வேனில் பலகையைச் சாய்த்தால், பாதிவரை வந்து, வாசலை மோந்துவிட்டு இறங்கிவிடுகிறது. அப்பத்தாவின் கம்பளியை வேனுக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி பழுதாகி நிற்கும் நாள் ஒன்று வரும் என்பதால், இந்தப் பருவக்காற்றுக்கு முன் அதையும் முடித்துவிட வேண்டும் என்று திட்டம்.